கண்ணாடிக்குள் இருந்தவன்

சர்க்கரை ஆலை முதலாளி ரவூல் ஐந்து மாடி ஏறி வந்து மூச்சு வாங்கி முடிப்பதற்குள், ப்ரிகூர் தன் வெங்காய சூப்பைக் குடித்து முடித்துவிட்டார். இவ்வளவு பெரிய மனிதர் ஆள் அனுப்பாமல் தானே படியேறி வருகிறார் என்றால் விஷயம் பெண் சம்பந்தப்பட்டதாகத்தான் இருக்கும். பாரிஸ் போலீஸில் காலம் தள்ளியதில் அவர் கற்றுக்கொண்ட சில உண்மைகளில் அது ஒன்று. வேலையை விட்ட பிறகும் அது பொய்த்ததில்லை. அதில் அவருக்குச் சந்தோஷம் ஒன்றும் இல்லை. வெளியே நவம்பர் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. முழங்கால் வலித்தது.

நாற்காலியைத் துடைத்துப் போட்டவன் நார்சிஸ். ப்ரிகூரின் மனைவிக்குத் தம்பி. பொய்முடி செய்யும் கடையில் முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு வந்தவன், அக்கா செத்துப்போன பிறகும் அத்தான் வீட்டை விட்டு நகரவில்லை. யாராவது துப்புக் கேட்டு வந்துவிட்டால் போதும், அவனுக்குக் கால் தரையில் நிற்காது.

"உர்சூலைப் பிடிச்சுக்கிட்டுப் போயிட்டாங்க ஐயா" என்றார் ரவூல்.

"உர்சூல் யாரு?"

"லெயோனிடோட வேலைக்காரி. லெயோனிட் யாருன்னு கேக்க மாட்டீங்கன்னு நம்பறேன்."

ப்ரிகூர் கேட்கவில்லை. ஒரு காலத்தில் அவள் வண்டி பூங்காவுக்குள் நுழைந்தால் ஆண்கள் தொப்பியைத் தூக்குவார்கள், மனைவிமார்கள் முகத்தைத் திருப்புவார்கள். அவளுக்காக வீட்டை விற்றவர்கள் உண்டு, வெளிநாட்டுக்கு ஓடியவர்கள் உண்டு. இப்போது நுரையீரல் போய்ப் படுக்கையில் கிடந்தாள். வந்துபோக மூன்றே பேர்தான் மிச்சம்.

"வியாழக்கிழமை என் நாள்" என்று ரவூல் கொஞ்சம் கூச்சத்தோடு தொடங்கினார். "எப்பவும் மூணு மணிக்குப் போவேன். என் வண்டி வந்தா அந்தத் தெருவுல ஜன்னல் கண்ணாடியெல்லாம் அதிரும்னு கேலி பண்ணுவாங்க. சத்தம் கேட்டதுமே உர்சூல் கதவைத் திறந்து வச்சிடுவா. அன்னைக்கு அப்படித் திறக்கல. தெருவுல பரப்பியிருந்த வைக்கோல்ல குதிரைங்க வேற தயங்கித் தயங்கி வந்துதுங்க. நான் மேல போய் மணியடிச்சப்பறம்தான் வந்து திறந்தா. மருந்துக்கடையிலேர்ந்து அப்பத்தான் திரும்பினேன்னா. ரெண்டு பேருமா கூடத்துக்குப் போனோம். சுவத்துல வெறும் சட்டம் மட்டும் தொங்குது. படத்தைக் கத்தியால அறுத்து எடுத்துட்டுப் போயிருக்கான் எவனோ. லெயோனிட் மருந்து மயக்கத்துல தூங்கிக்கிட்டிருந்ததால அவளுக்கு ஒண்ணும் தெரியல."

"எந்தப் படம்?" என்றான் நார்சிஸ்.

"அவளோட படம்தான். இருபத்தஞ்சு வயசுல வரைஞ்சது. கண்ணாடி முன்னால உக்காந்து தலை பின்னிக்கிட்டிருப்பா. கண்ணாடிக்குள்ள பின்னால ஒரு பையன் நின்னு கழுத்துப்பட்டி கட்டிக்கிட்டிருப்பான். யாருன்னு எனக்குத் தெரியாது. கேக்கற வழக்கம் இல்ல."

"அதுக்கு உர்சூலை ஏன் பிடிச்சாங்க?"

ரவூல் தொப்பியை மடியில் திருப்பிக்கொண்டே இருந்தார். "எஸ்திவால் பிரபுவும் அங்க வருவார். கேட்டிருப்பீங்க, சீக்கிரம் மந்திரி ஆகப்போறார். அன்னைக்கு அந்தப் பக்கம் அவரைப் பூக்காரி பாத்திருக்கா. அன்னைக்குச் சாயங்காலமே போலீஸ் அவர் வீட்டுக்குப் போய்க் கேட்டுது. முன்வாசல் வழியா மாடிக்குப் போனேன், ரெண்டு தரம் மணியடிச்சேன், உள்ள காலடிச் சத்தம் கேட்டுது, யாரும் திறக்கலன்னு சொல்லியிருக்கார். அந்த நேரம் பாத்து என் வண்டி கடகடன்னு வந்து நின்ன சத்தம் கேட்டுதாம். எதுக்குச் சங்கடம்னு மேல் படியில ஒதுங்கி நின்னுட்டு, நான் உள்ள போனதும் இறங்கிட்டாராம். அப்போ உர்சூல் உள்ளதான் இருந்திருக்கா, படத்தை அறுத்துச் சமையலறை வழியா எவன்கிட்டயோ கொடுத்திருக்கான்னு போலீஸ் முடிவு பண்ணிடுச்சு. கதவு எதையும் யாரும் உடைக்கல. மந்திரி ஆகப்போறவர் சொல்லு, வேலைக்காரி சொல்லு. எது எடுபடும்?"

"நீங்க எதுக்கு அவளுக்காக அலையறீங்க?"

"லெயோனிட் வேற யார் கையாலயும் மருந்து குடிக்க மாட்டேங்கறா ஐயா. படம் போனா போகட்டும், உர்சூலைக் கொண்டாங்கறா. ரொம்ப நாள் தாங்காதுங்கறார் டாக்டர்." ஆலை முதலாளி கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். அவருடைய துக்கம் நிஜமானது என்பதில் ப்ரிகூருக்குச் சந்தேகம் வரவில்லை. குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

*

அந்தத் தெருவுக்குள் திரும்பியதுமே உலகம் வாயடைத்துப்போன மாதிரி இருந்தது. பெரிய வீடுகளில் யாராவது சாகக் கிடந்தால் செய்கிற மாதிரி, வீட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தெருவில் கனமாக வைக்கோல் பரப்பியிருந்தது. சக்கரச் சத்தம் படுக்கைவரைக்கும் போகக் கூடாது. மழையில் ஊறி மஞ்சள் சேறாகிக் கிடந்த அதன்மேல் அவர்கள் வந்த வண்டி ஓசையில்லாமல் நின்றது.

வாசல் காக்கிற மேடம் பூலார் துடைப்பத்தோடு எதிரில் வந்தாள். "காலைத் தொடைச்சுட்டு ஏறுங்கய்யா. வியாழக்கிழமை காலையிலேர்ந்து பெருக்கிப் பெருக்கிக் கை போச்சு. வர்றவன் போறவன் எல்லாம் பாதி வைக்கோலைப் படிக் கம்பளத்துல கொட்டிட்டுப் போறான்."

"வியாழக்கிழமை மத்தியானம் எஸ்திவால் பிரபு படியேறிப் போனாரா?"

"பாக்கலய்யா. கொஞ்ச நேரம் கண்ணசந்துட்டேன். போலீஸ்கிட்டயும் அதைத்தான் சொன்னேன்."

"சமையலறைக்குத் தனிப் படி உண்டா?"

"பின்னால முற்றத்துல இருக்கு. கறிகாய்க்காரி, தண்ணிக்காரன் வர்ற வழி. அந்தக் கதவு பின்சந்துல திறக்கும். அங்கல்லாம் யாரு வைக்கோல் போடறா? அங்க படுத்திருக்கறது பூனைதான்."

லெயோனிடின் அறையில் கற்பூரமும் பழைய வாசனைத் தைலமும் கலந்து அடித்தன. தலையணையில் சாய்ந்து கிடந்தவளின் முகத்தில் அழகு எங்கே இருந்தது என்று கண்டுபிடிக்க இப்போதும் சிரமப்பட வேண்டியதில்லை. பக்கத்து மேஜையில் மருந்துக் குப்பி தொடாமல் இருந்தது.

"உங்களை எனக்குத் தெரியும் இன்ஸ்பெக்டர்" என்றாள். "ஒரு தரம் என் வாசல்ல நின்னு ஒரு இளவரசனைப் பிடிச்சுக்கிட்டுப் போனீங்க. நல்லவேளை, எனக்கும் அவனை எப்படி அனுப்பறதுன்னு தெரியாம இருந்துது."

"கண்ணாடியில இருக்கற பையன் யாரும்மா?"

"அவனா? செத்துப் போயிட்டான். முப்பது வருஷமாச்சு."

"சமையலறைக் கதவுக்கு எத்தனை சாவி?"

"உர்சூல்கிட்ட ஒண்ணு. இன்னொண்ணு ஒருத்தர்கிட்ட. முன்வாசல் வழியா வர்ற வசதி இல்லாத காலத்துல கொடுத்தது. பேரைக் கேக்காதீங்க. ஒருத்தர் பேரை இன்னொருத்தர்கிட்ட சொன்னதே இல்ல. என் பிழைப்புல எனக்குன்னு இருந்த ஒரே மானம் அதுதான்."

"உர்சூலைக் கொண்டுவரணும்னா..."

"அவர் எடுத்திருக்க மாட்டார்." அவள் குரலில் சட்டென்று ஒரு தெம்பு வந்தது. "வாசல்ல வைக்கோலைப் பாத்தீங்க இல்ல? வியாழக்கிழமை காலையில எந்திரிச்சதும் யாருடி போட்டதுன்னு உர்சூல்கிட்ட கேட்டேன். உங்களுக்குத் தெரியாதாம்மான்னு சிரிச்சா. எனக்குத் தெரியும். ஊரறிய ஒரு பூ கூடக் கொண்டுவராத மனுஷன். கடைசியில தெரு பூரா விரிச்சிருக்கார். இதைச் செஞ்சவர் அதைச் செய்வாரா, சொல்லுங்க."

ப்ரிகூர் கூடத்துக்கு வந்து வெறும் சட்டத்தைப் பார்த்தார். ஓரமெல்லாம் பதறாமல் நேராக அறுத்திருந்தது. கீழே இறங்கும்போது நார்சிஸ் அவர் காதருகே குனிந்தான்.

"ரவூல்தான் அத்தான். படத்து மேல ஆசை. வண்டியில வந்து, அறுத்துக் கோட்டுக்குள்ள சுருட்டிக்கிட்டு, அப்பறம் ஒண்ணும் தெரியாத மாதிரி மணியடிச்சிருக்கார்."

"அந்தத் தொந்திக் கோட்டுக்குள்ள அவருக்கே இடம் பத்தல மாப்ள. நீ ஒண்ணு பண்ணு. முனையில வாடகை வண்டி லாயம் இருக்கு பாரு, அங்க போய் இந்த வைக்கோல் யாரு சொல்லிப் போட்டதுன்னு கேட்டுட்டு வா."

"அதுக்கும் படத்துக்கும் என்ன சம்பந்தம்?"

"போய்க் கேளு."

ப்ரிகூர் எதிர்க் கடையில் ஒரு கிளாஸ் சிவப்பு ஒயினோடு உட்கார்ந்தார். நார்சிஸ் திரும்பி வந்தபோது அவன் முகத்தில் துள்ளல் இல்லை.

"எந்தப் பிரபுவும் இல்ல அத்தான். உர்சூல்தான். டாக்டர் சத்தம் கூடாதுன்னு சொன்ன மறுநாள் விடியக்காலையில வந்து லாயக்காரன்கிட்ட மன்றாடியிருக்கா. முடியாதுன்னிருக்கான். உன் வண்டியில சவாரி வர்றவங்க போர்த்திக்கற கம்பளியெல்லாம் குளிர்காலம் பூரா நானே தச்சுத் தர்றேன்னாளாம். அவளும் கூட நின்னு கையாலயே பரப்பியிருக்கா. யாராவது கேட்டா பிரபு சொன்னதா சொல்லுன்னு வேற சொல்லிட்டுப் போயிருக்கா."

ப்ரிகூர் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தத் தொழிலை விட்டது எவ்வளவு நல்ல காரியம், அதை முழுசாக விடாதது எவ்வளவு முட்டாள்தனம் என்று அவருக்குத் தோன்றியது.

"அந்த அம்மாவுக்கு உர்சூலைக் கொடுக்கணும்னா, இன்னொண்ணைப் பிடுங்கணும் மாப்ள" என்றார்.

"எதை?"

"நாளைக்குத் தெரியும். மூணு பேரையும் வரச் சொல்லு."

*

மறுநாள் மூன்று பேரும் கூடத்தில், வெறும் சட்டத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாமவர் ஜெனரல் லொரியோல். எழுபதைத் தாண்டியவர், பீரங்கிச் சத்தத்தில் காது போனவர். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து, லெயோனிட் பக்கத்தில் ஒரு தூக்கம் போட்டுவிட்டுப் போவார். எஸ்திவால் பிரபு மட்டும் உட்காரவில்லை. நரைத்த தாடி, மடிப்புக் கலையாத கோட்டு. போகிற வழியில் வந்திருப்பதாகவும், மகனுக்குப் பெண் பார்த்த வீட்டில் விருந்து இருப்பதாகவும், மகன் கீழே வண்டியில் காத்திருப்பதாகவும் சொன்னார்.

ப்ரிகூர் லெயோனிடின் அறைக் கதவைச் சாத்தப் போனார். வரப்போகும் பேச்சு அவள் காதில் விழ வேண்டாம் என்று நினைத்தார்.

"சாத்தாதீங்க" என்றது உள்ளேயிருந்து குரல். "என் வீட்டு விஷயம்தானே."

அவர் கதவை விட்டுவிட்டார்.

இதற்குள் ஜெனரல் ஜன்னலோரம் போய்க் கீழே எட்டிப் பார்த்தார். காது கேட்காதவர்களுக்கே உரிய உரத்த குரலில், "யாருய்யா அது வண்டியில? அந்தப் படத்துல கழுத்துப்பட்டி கட்டிக்கிட்டு நின்னானே, அந்தப் பையன் மாதிரியே உக்காந்திருக்கான்!" என்றார்.

பிரபு கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

"பிரபு, வியாழக்கிழமை நடந்ததை இன்னொரு தரம் சொல்லணும்" என்றார் ப்ரிகூர்.

"போலீஸ்ல சொன்னதுதான். முன்வாசல் வழியா வந்தேன். மணியடிச்சேன். உள்ள யாரோ நடந்தாங்க, திறக்கல. ரவூல் வண்டி கடகடன்னு வந்து நின்னுது. ஒதுங்கிட்டேன்."

"வண்டியை நீங்க பாக்கல."

"பாக்கணுமா? அவர் வண்டிச் சத்தம் ஊருக்கே தெரியும். காது இருக்கறவன் எவனும் சொல்லுவான்."

"மாப்ள, ஜன்னல்கிட்ட போ" என்றார் ப்ரிகூர். "இப்ப தெருவுல என்ன போகுது?"

நார்சிஸ் எட்டிப் பார்த்தான். "ஒயின் பீப்பாய் ஏத்தின பார வண்டி அத்தான். ரெண்டு குதிரை."

"யாருக்காவது கேக்குதா?"

எல்லாரும் காதைத் தீட்டினார்கள். கணப்பில் விறகு வெடிப்பது மட்டும் கேட்டது. "எனக்குக் கேக்கல" என்றார் ஜெனரல். "எனக்கு எப்பவுமே கேக்காது."

பிரபு லேசாகச் சிரித்தார். "வைக்கோல் போட்டிருக்கு, அதான் கேக்கல. வரும்போது பாத்தேன். அது இப்பப் போட்டது. நான் சொல்றது வியாழக்கிழமைக் கதை."

"இல்லையே" என்றார் ரவூல், ஒரு சூதும் இல்லாமல். "வியாழக்கிழமை நான் வரும்போதே இருந்துதே. என் குதிரைங்க கால் வைக்கவே யோசிச்சுதுங்க. அதனாலதானே உர்சூலுக்கு நான் வந்தது தெரியாம, மணியடிக்க வேண்டியதாச்சு."

"காலையிலயே போட்டுட்டாங்க" என்று கூடத்து வாசலில் துடைப்பத்தோடு நின்ற மேடம் பூலார் முனகினாள். "பெருக்கினவளுக்குத் தெரியாதா?"

பிரபுவின் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோயிற்று.

ப்ரிகூர் குரலை உயர்த்தவில்லை. தப்புச் செய்தவனைப் பிடிக்கும் உற்சாகம் அவரைவிட்டு எப்போதோ போயிருந்தது. "முன்வாசல் வழியா வந்திருந்தா நீங்க அந்த வைக்கோலை மிதிச்சுத்தான் வந்திருக்கணும். மிதிச்சவர், வண்டி கடகடத்துதுன்னு சொல்ல மாட்டார். தெருவுல வைக்கோல் இருக்கறதே உங்களுக்கு அன்னைக்குத் தெரியாது. அப்படின்னா வந்த வழி பின்சந்து. அந்தக் கதவுக்குச் சாவி வேணும். உர்சூல் மருந்துக்கடைக்குப் போனதைப் பாத்துட்டு உள்ள போனீங்க. பூக்காரி பாத்துட்டதால ஒரு கதை தேவைப்பட்டுது. வியாழக்கிழமை மூணு மணிக்கு ரவூல் வண்டி வரும்னு இந்த வீட்டுக்கு வர்ற எல்லாருக்கும் தெரியும். அதனால கேக்காத சத்தத்தைக் கேட்டதா சொன்னீங்க. உள்ள நடமாட்டம் இருந்துதுன்னு சொன்னதுல ஒரு பொண்ணு கொட்டடிக்குப் போயிட்டா."

"எனக்கு எதுக்கு அந்தப் படம்?"

"இந்த அம்மா போனப்பறம் வீட்டுச் சாமானெல்லாம் ஏலத்துக்கு வரும். ஏலத்துக்கு முன்னால எல்லாத்தையும் பார்வைக்கு வைப்பாங்க. சும்மா இருக்கும்போது இந்தத் தெருப் பேரைக்கூடச் சொல்லாத பெரிய வீட்டுப் பொம்பளைங்க எல்லாம் அன்னைக்குத் திரண்டு வருவாங்க. உங்க சம்பந்தி வீட்டம்மாவும்தான். வந்து படத்துல அந்தக் கண்ணாடியைப் பாத்தா, அவங்க மாப்பிள்ளை முகம் தெரியும். அந்த வயசுல நீங்க இருந்த முகம். இப்ப ஜெனரலே பாத்துச் சொல்லிட்டார்."

பிரபு நாற்காலியில் உட்கார்ந்தார். திடீரென்று அவருக்கும் வயதாகிவிட்ட மாதிரி இருந்தது. "அந்தப் பொண்ணைப் பிடிப்பாங்கன்னு நான் நினைக்கல" என்றார். "ரெண்டு நாள்ல விட்டுடுவாங்கன்னு..."

"படம் எங்க?"

"எரிச்சுட்டேன்."

உள்ளேயிருந்து இருமல் கேட்டது. அது அடங்க வெகுநேரம் பிடித்தது. பிறகு மெதுவாக, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி, லெயோனிட் பேசினாள். "கேட்டிருந்தா கொடுத்திருப்பேனே, கோந்த்ரான்."

அவள் வாயிலிருந்து ஒருவர் பெயர் மற்றவர் காதில் விழுந்தது அதுதான் முதல் தடவை. ரவூல் தலையைக் குனிந்துகொண்டார். ஜெனரலுக்குக்கூட ஏதோ புரிந்திருக்க வேண்டும், தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார். பிரபு எழுந்து அந்தக் கதவுப் பக்கம் இரண்டடி வைத்தார், நின்றார், திரும்பிவிட்டார்.

"என் வண்டியிலயே வாங்க" என்றார் ரவூல். அவர் குரல் அவ்வளவு கடுமையாக இருந்து யாரும் கேட்டதில்லை. "நேரா போலீஸுக்குப் போவோம். என் பொருள்னு நினைச்சு எடுத்தேன், வேலைக்காரிக்குச் சம்பந்தமில்லைன்னு உங்க வாயால சொல்லுங்க. உங்க பையன் விருந்துக்குத் தனியாப் போகட்டும்."

*

சாயங்காலம் உர்சூல் வந்தாள். கட்டையான, முகத்தில் அம்மைத் தழும்பு உள்ள பெண். படியேறும்போதே ஏப்ரனைச் சரிசெய்துகொண்டு, மேடம் பூலாரைக்கூடப் பார்க்காமல் நேராகப் படுக்கைக்குப் போனாள். நடந்தது எதுவும் அவளுக்குத் தெரியாது. படத்தை எடுத்தவர் கிடைத்துவிட்டார் என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

குடையை எடுக்க வந்த ப்ரிகூரும் நார்சிஸும் கூடத்தில் நின்றிருந்தார்கள்.

"கை ஏன்டி இப்படிக் கீறிக் கிடக்கு?" என்று லெயோனிட் கேட்பது காதில் விழுந்தது.

"கொட்டடியில பாத்திரம் தேய்க்கச் சொன்னாங்கம்மா."

லெயோனிட் பேச்சை மாற்றினாள்.

"வைக்கோல் எல்லாம் நனைஞ்சு போயிருக்குமே."

"அதுக்கென்னம்மா, புதுசு போடச் சொல்லி பிரபு ஆள் அனுப்பியிருக்காராம். வரும்போது கேள்விப்பட்டேன். அவர் உங்களை மறப்பாரா?"

நார்சிஸ் வாயைத் திறந்தான். ப்ரிகூர் அவன் காலை அழுத்தி மிதித்தார்.

"ஆமாடி" என்றாள் லெயோனிட். "தங்கமான மனுஷன்." அந்தக் கீறல் விழுந்த கையை அவள் இரண்டு கைகளாலும் பிடித்துத் தன் கன்னத்தோடு வைத்துக்கொண்டிருப்பது கதவிடுக்கில் தெரிந்தது. "மருந்தைக் கொண்டா. உன் கையால குடு."

மழை விட்டபாடில்லை. தெருவில் வைக்கோல் கூழாகிக் கிடந்தது. முனையிலிருந்து வந்த ஒரு வண்டியின் சக்கரம் கல்லில் உரசும் சத்தம் லேசாகக் கேட்கவும் தொடங்கிவிட்டது.

"அந்தம்மாவுக்குத்தான் எல்லாம் தெரிஞ்சு போச்சே அத்தான்" என்றான் நார்சிஸ். "அப்பறம் எதுக்கு உர்சூல் பொய்யை நம்பற மாதிரி நடிக்கறாங்க?"

ப்ரிகூர் குடையை விரித்து அவன் கையில் கொடுத்தார். மழையில் நனைந்துகொண்டே கொஞ்ச நேரம் மாடி ஜன்னலைப் பார்த்தார். தன் மனைவியின் கடைசி நாட்களில் தன் தெருவில் வண்டிகள் கடகடத்துக்கொண்டே இருந்தது அவருக்கு ஞாபகம் வந்தது.

"லாயத்துக்கு ஓடு மாப்ள" என்றார். "புது வைக்கோல், ராத்திரிக்குள்ள போடணும்னு சொல்லு. என் கடிகாரத்தை அடகா வச்சுக்கச் சொல்லு. யார் சொன்னதுன்னு கேட்டா, எஸ்திவால் பிரபுன்னு சொல்லு."